பட்டியலில் இல்லாத மூச்சு

ரைபர்ன்டேல்,
டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கிர்ஸ்டிக்கு,

நீயும் டேனும் குட்டி ஆல்ஃபியும் அங்கே பூமியின் தென்கோடியில் டிசம்பர் வெயிலில் காய்ந்துகொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் இங்கே நலம். இந்த ஒரு வரியை மூன்று வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் எழுதி வந்திருக்கிறேன், அதில் சரிபாதி பொய் என்று இந்த செப்டம்பரில்தான் எனக்கே தெரிந்தது, அதனால் இந்த முறை பேனாவைத் திறக்குமுன் உன் அம்மாவைக் குழாயில் ஊதவைத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முந்நூற்று அறுபது. அது என்ன கணக்கு என்று கீழே வரும், பயப்படாதே, நல்ல கணக்குதான். நீ அனுப்பிய தேன் வந்து சேர்ந்தது, அம்மா அதை எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறாள், நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் அம்மா பின்னாலிருந்து குறுக்கே பேசுவாள், தவிரவும் இதில் எனக்கு நேர்ந்த அவமானத்தை நான் சுருக்கிவிடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம். எழுதிக்கொள், ஆனால் நீ ஊதியதையும் முழுசாக எழுது என்று நிபந்தனை போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். மேட்டு வழியாக நடந்தே போயிருக்கிறாள், அதையும் குறித்துக்கொள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் குளிர்காலத்தில் நான் கரடி மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது உனக்கு ஞாபகமிருக்கும், வீடியோவில் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டேன் என்று கோபித்துக்கொண்டாய். நான் ஓட்டும் குப்பை வண்டியில் சிக்னல் பச்சை விழுந்தும் அப்படியே உட்கார்ந்திருப்பேன், பின்னால் நிற்கும் பையன்கள் வண்டியின் பக்கத்தைத் தட்டுவார்கள். கை கால் எல்லாம் ஐஸ். புருவத்தின் கடைசிப் பாதி உதிர்ந்துபோய், எந்நேரமும் எதையோ பார்த்துத் திகைத்தவன் மாதிரி ஒரு முகம். ஊர் பாண்டில் நான் ஊதும் பெரிய டூபாவுக்கு நாற்பது தாளம் வேலையில்லாத இடம் வந்தால் அதன் மேலேயே சாய்ந்து தூங்கிவிடுவேன், டூபாக்காரன் தூங்குகிறானா வாசிக்கிறானா என்று பாண்டு மாஸ்டருக்கே வித்தியாசம் தெரியவில்லை. குரல் அடித்தொண்டைக்கு இறங்கிவிட்டது, அதற்கு மட்டும் பாராட்டு கிடைத்தது. கடைசியில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி வேலையை நிறுத்திவிட்டது என்றார். ஒரு மாத்திரை கொடுத்தார். கிர்ஸ்டி, அந்த மாத்திரை பருப்பில் பாதிகூட இல்லை. அதைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு ஆறு வாரத்தில் நான் எழுந்துவிட்டேன். புருவம் திரும்ப வந்தது. அந்தத் துக்கடாவுக்குள் என் புருவமும் என் சூடும் என் எரிச்சலும் எல்லாம் இருந்திருக்கிறது என்பதை இன்றைக்கும் காலையில் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து மலைத்துப்போகிறேன், தண்ணீர் ஆறுகிறது, முழுங்கித் தொலை என்பாள் அம்மா.

அப்போதுதான் அந்த இலவச மருந்து கார்டும் வந்தது. டாக்டர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், தபாலில் கார்டு வந்தது, அதை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கவுண்டரில் இருக்கும் பெவர்லியை உனக்குத் தெரியும், அவள் மெதுவாகப் பேசினால் மழை வரும். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, உனக்கு இனி எல்லாம் சும்மா கண்ணு, ஐந்து வருடத்துக்கு, கழுத்து மாத்திரை மட்டுமில்லை, எது எழுதிக் கொடுத்தாலும் சும்மா என்றாள். எதுவானாலுமா என்று கேட்டேன். உன் கால்விரல் சொறிக்கும் சேர்த்துத்தான் என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என் காலைப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தாலும் வீட்டுக்கு நடந்து வரும்போது உள்ளுக்குள் என்னவோ செய்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் யாரோ நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து, காலம் முழுக்க மருந்து சாப்பிட்டாக வேண்டியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் என் சுரப்பி இருக்கிறது. அப்போது எனக்கு ஒரு வயது, தொட்டிலில் கிடந்து அழுதுகொண்டிருந்தேன். என்னைத் தெரியாதவர்கள் என் கழுத்தைப் பற்றி யோசித்து எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வரிசையில் என் காலைப் பார்த்தவர்கள்தான் என் மாத்திரைக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தெருவில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கு வணக்கம் சொன்னேன். குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

இதில் நான் பார்க்காமல் விட்டது என்னவென்றால், அந்த வரிசையில் எனக்குப் பின்னால் நின்றது உன் அம்மா.

மாதா மாதம் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். நான் என்னமோ ராணி கையால் பதக்கம் வாங்கினவன் மாதிரி கார்டைக் காட்டிவிட்டு ஒதுங்கி, மூக்குக் கண்ணாடி தொங்கும் சுழல்தட்டைச் சுற்றி வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன். அம்மாவின் ஆஸ்துமாச் சீட்டில் நாலு மருந்து இருக்கும், இழுப்பு வந்தால் அடிக்கும் நீல இன்ஹேலர், வராமல் தடுக்கும் பழுப்பு இன்ஹேலர், மூக்கில் அடிப்பது ஒன்று, தும்மலுக்கு மாத்திரை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பத்து பவுண்டுக்குப் பத்து பென்ஸ் குறைவு. இன்னைக்கு எது எடுக்கிறே லொரேன் என்று பெவர்லி கேட்பாள், நீலம் மட்டும் போதும் கண்ணு என்பாள் அம்மா. இதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, மூன்று வருடம். வீட்டில் மிச்சம் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாண்டிலிருந்து அவள் நின்றபோதும் அப்படித்தான். ஒத்திகை அறை குளிர்கிறது, நாற்காலி முதுகைக் குத்துகிறது, இருபத்தெட்டு வருடம் கார்னெட் ஊதியாயிற்று, போதும் என்றாள். சரி என்றேன். மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்றுவிடுவாள். அங்கே உன் பள்ளிக்கூடப் படம் மாட்டியிருக்கிறதே, முன்பல் இல்லாமல் நீ சிரிப்பது, அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம்கூட. பாவம், பெண்ணை நினைத்து ஏங்குகிறாள் என்று நான் கீழே நின்று மனம் இளகிப்போவேன், போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுப்பேன். உலகத்திலேயே பெரிய மரமண்டை உன் அப்பன்தான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பஸ் நிறுத்தத்திலிருந்து மேடேறி வருகிறோம். காய்கறிப் பை என்னிடம், ரொட்டி அவளிடம். தேவாலயச் சுவரருகே வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். ஷூவில் கல் என்றாள். ஷூவைக் கழற்றவில்லை. உதடு சாம்பல் நிறமாக இருந்தது, தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கியது, பேச வந்தவள் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தினாள். பையில் மருந்து இருக்கிறதா என்று அவள் கைப்பையை நான் பிடுங்கிக் கொட்டினேன். நீலத்தை எடுத்து ஊதிக்கொண்டாள். பழுப்பு இன்ஹேலரும் விழுந்தது. அதன் முதுகில் இன்னும் எத்தனை தடவைக்கு மருந்து மிச்சம் என்று காட்டுகிற சின்ன ஜன்னல் ஒன்று உண்டு, உன்னுடையதிலும் இருக்கும். மூன்று சைபர். மேலே ஒட்டியிருந்த தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது. காலிக் குப்பியை மூன்று வருடமாகப் பையில் வைத்துச் சுமந்திருக்கிறாள், எடுத்துக்கிட்டியா என்று நான் எப்போதாவது கேட்டால் பையைத் திறந்து காட்டுவதற்கு.

மூச்சு வந்ததும் சண்டை வந்தது. நான் படுத்துக் கிடந்த அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பாதி நாள் வேலை, பாதிச் சம்பளம், அப்போது ஒரு மாதம் பழுப்பை வாங்காமல் விட்டிருக்கிறாள். பழுப்பை அடித்தால் உடனே ஒன்றும் தெரியாது, நீலத்தை அடித்தால் உடனே நெஞ்சு திறக்கும், அதனால் பழுப்பு தண்டச் செலவு என்று முடிவு கட்டிவிட்டாள். பிறகு நான் எழுந்து முழு வேலைக்குப் போன பிறகும் அது அப்படியே பழகிவிட்டது. "இப்ப என்ன ஆயிடுச்சு? இன்னும் நாலு வருஷம் தள்ளிட்டா எனக்கு அறுபது. அறுபது ஆனா எல்லாருக்கும் சும்மாதானே குடுக்கறான். அதுவரைக்கும் சமாளிச்சுக்குவேன்" என்றாள். கிர்ஸ்டி, அந்தச் சுவரில் உட்கார்ந்து நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது வயது வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது என்று ஒருத்தி முடிவெடுத்து, அதை யாரிடமும் சொல்லாமல், எனக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாகப் பெவர்லியிடம் போய், ஆஸ்துமாவும் காலம் முழுக்க இருப்பதுதானே, அவளுக்கும் ஒரு கார்டு போட்டுக் கொடு என்றேன். ஆஸ்துமா பட்டியலில் இல்லை என்றாள். எப்படி இல்லாமல் போகும் என்றேன். நான் வாழ்நாளில் முதல் தடவையாகப் பெவர்லி குரலைத் தாழ்த்திப் பேசியதைக் கேட்டேன். "உன் கழுத்து இருக்கு, அவ மூச்சு இல்ல. நானா எழுதினேன், கண்ணு?" என்றாள். என் கால்விரல் சொறி வரைக்கும் யோசித்தவர்கள் இதை யோசிக்காமல் விட்டுவிட்டார்கள். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கார்டைப் பார்த்தேன், கொஞ்சம் கனமாக இருந்தது.

இனிமேல் வருவதுதான் அம்மா முழுசாக எழுதச் சொன்ன பகுதி. எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு எல்லாம் சும்மா. ஆகவே எனக்கு ஆஸ்துமா வந்தால் பழுப்பு இன்ஹேலர் சும்மா. அதை நான் வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டால் முடிந்தது. குற்றம்தான் என்று தெரியும், ஆனால் அன்றைக்கு அந்தச் சாம்பல் உதடு கண்ணை விட்டுப் போகவில்லை. நர்ஸிடம் நேரம் வாங்கிக்கொண்டு மூன்று நாள் வண்டியில் இழுப்புப் பயிற்சி செய்தேன். பின்னால் இருந்த பையன்கள் வண்டியின் பிரேக் போய்விட்டது என்று டிப்போவுக்கு போன் போட்டுவிட்டார்கள்.

நர்ஸ் ஷப்னம் மிர்ஸாவை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவள், பஸ் நிலையத்துக்குப் பின்னால் துணிக்கடை வைத்திருந்தாரே மிர்ஸா, அவர் மகள். நான் உள்ளே போய் உட்கார்ந்து, தோளைக் காதுவரை ஏற்றி, இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி, நேரில் பார்த்ததை அப்படியே நடித்துக் காட்டினேன். நன்றாகவே வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ரொம்பக் கஷ்டமா இருக்கா கண்ணு என்று பரிவாகக் கேட்டாள். கண்ணில் தண்ணீர்கூட வரவழைத்தேன். சரி என்று ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தாள், அதன் பக்கத்தில் எண்கள், எண்களின் மேல் ஒரு சின்ன சிவப்பு முள், வாயில் ஒரு அட்டைக் குழல். நல்லா இழுத்து, ஒரே மூச்சில் பலமா ஊது என்றாள்.

நாற்பத்தொரு வருடம் டூபா ஊதியிருக்கிறேன், கிர்ஸ்டி. வாய்க்கு முன்னால் ஒரு ஊதுவாய் வந்தால் வயிற்றிலிருந்து இழு, தோளைத் தூக்காதே, தொண்டையைத் திற என்று பதினாறு வயதில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. யோசிக்கவே இல்லை. இழுத்தேன், ஊதினேன். முள் சர்ரென்று ஓடிக் கடைசிச் சுவரில் டொக் என்று மோதியது. எண்ணூறு. அதற்கு மேல் குழாயில் எண்ணே கிடையாது. ஷப்னம் குழாயைத் தட்டிப் பார்த்தாள். முள்ளைக் கீழே இறக்கி இன்னொரு தடவை என்றாள். இந்தத் தடவை எச்சரிக்கையாக மெதுவாக ஊத வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இழுத்தேன், உடம்பு கேட்டால்தானே. எழுநூற்று எண்பது. அவள் குழாயை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். இந்த அறையில நூத்துக்கணக்கான பேரு ஊதியிருக்காங்க, இதுவரைக்கும் ஒருத்தரும் சுவர்ல முட்டினதில்ல என்றாள். நான் தோளை மறுபடி காதுவரை ஏற்றினேன். அதை இறக்கு என்றாள். இறக்கினேன். அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ்டர் அக்ராய்ட், மூச்சு வாங்கறது யாருக்கு?"

கொட்டிவிட்டேன். சுவர், ஷூவில் கல், மூன்று சைபர், மாடிப்படி, எல்லாம். போலீஸைக் கூப்பிடுவதானால் வண்டி மட்டும் நிறுத்தக் கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் நிற்கிறது, எடுத்து ஓரமாக விட்டுவிட்டு வருகிறேன் என்றும் சொன்னேன். அவள் திட்டினாள், நியாயமாகத்தான் திட்டினாள், உனக்குக் கொடுத்ததை அவங்களுக்குக் கொடுக்கறது தப்பு, மாட்டினா அபராதம், அதைவிட அவங்க நெஞ்சுக்கு எது எவ்வளவுன்னு பார்க்காம எதையாவது கொடுத்துட்டு நீ நிம்மதியா தூங்கப் போறியா, அது அதைவிடத் தப்பு என்றாள். திட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, நாங்க வருஷா வருஷம் வரச் சொல்லி லெட்டர் போட்டோமே, மூணு லெட்டர் என்றாள். அந்த மூன்றும் ரேடியோவுக்குப் பின்னால் பிரிக்காமல் இருந்ததைப் பிறகு எடுத்தேன். நாலு மணிக்குத் தன் டீ நேரத்தை ஒதுக்கித் தந்து, இன்னைக்கே கூட்டிட்டு வா, நாளைக்குன்னு சொல்லாதே என்றாள்.

அம்மா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள், கோபம் வந்தால் போடுவாளே அந்தப் பச்சை. வழி முழுக்க என்னோடு பேசவில்லை. பேச முடியாததை நான் கோபம் என்று எடுத்துக்கொள்வது எத்தனை வருடமாக நடக்கிறதோ. குழாயை வாங்கி, கார்னெட் பிடிக்கிற அதே நேர்த்தியோடு முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினாள். முள் கொஞ்ச தூரம் நகர்ந்து நின்றுவிட்டது. நூற்றுத் தொண்ணூறு. ஷப்னம் அந்த எண்ணை எழுதிக்கொண்டாள். என் எண்ணூறை எடுத்துக்கொண்டு நான் டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்த மூன்று வருடமும், என் மூச்சில் கால்வாசியை வைத்துக்கொண்டு இவள் மாடி ஏறியிருக்கிறாள், படுக்கை விரிப்பு உதறியிருக்கிறாள், உன் ஆல்ஃபி பிறந்தபோது போனில் தாலாட்டுப் பாடியிருக்கிறாள், என்னோடு போட்ட சண்டை அத்தனையிலும் அவளே ஜெயித்திருக்கிறாள். பூமியில் நான் பார்த்த பெரிய பலசாலி அந்தப் பச்சைக் கோட்டுக்குள் உட்கார்ந்து கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அறுபது வரைக்கும் சமாளிச்சுக்கலாம்னு பார்த்தேன் என்றாள் அம்மா, ஷப்னமிடமும். "அறுபது வர்றப்ப அதை வாங்கிக்க நீங்க இருக்கணுமே, லொரேன்" என்றாள் ஷப்னம். உன் அம்மாவிடம் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாக, என் நெஞ்சு ஏன் அந்தப் பட்டியல்ல இல்ல என்று கேட்டாள். அதற்கு ஷப்னம், எனக்கும் தெரியல, நானும் மேலே எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன், பதில் வரல, ஆனா பதில் வர்ற வரைக்கும் மூச்சு நிக்காது இல்லையா என்று சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள். வருடத்துக்கு ஒரு தொகை, மாதா மாதம் பிரித்துக் கட்டலாம், கட்டிவிட்டால் அந்த வருடம் எத்தனை மருந்து வாங்கினாலும் கவுண்டரில் வேறு கேட்க மாட்டார்கள். நாலு மருந்து வாங்குகிறவளுக்கு அது எவ்வளவோ தேவலை. இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். பல வருஷமா இருக்கு, மருந்துக்கடையிலேயே பெரிசா ஒட்டியிருக்குமே என்றாள். போய்ப் பார்த்தேன். ஒட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடித் தட்டுக்கு நேர் பின்னால். மூன்று வருடம் அந்தத் தட்டைச் சுற்றிச் சுற்றி நின்றிருக்கிறேன், தூரத்தில் தெரிய உதவும் கண்ணாடியெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டால், அந்தப் பட்டியலை நினைத்து எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான், என்னைத் தெரியாதவர்கள் என்னை நினைத்தார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அவ்வளவு தூரம் நினைத்தவர்கள் பேனாவை மூடிவைக்குமுன் இன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாம். இதை நான் கடிதமாக எழுதி நம் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பியிருக்கிறேன், பிழை திருத்தியது அம்மா, அவள் பத்துப் பிழை கண்டுபிடித்தாள்.

அப்புறம் ஒரு வாரம் ஏதோ மாத்திரை, அதோடு பழுப்பு காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, அடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். வீட்டுக்கும் ஒரு குழாய் கொடுத்தார்கள். தினமும் காலையில் ஊதி, நீ அனுப்பிய செம்மறியாட்டுக் காலண்டரில் எழுதுகிறோம். இருநூற்றுப் பத்து, இருநூற்று முப்பது, ஒரு வாரம் அப்படியே நின்றது, நவம்பர் ஐந்தாம் தேதி ஊரே நெருப்பு மூட்டி வெடி வெடித்ததற்கு மறுநாள் மறுபடி இருநூற்றுக்குப் போய்விட்டது, அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. பிறகு ஏறியது. ஒரு நாள் நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது துணிக்கூடையோடு படியேறினாள், உன் படத்தைத் தாண்டி நிற்காமல் மேலே போய்விட்டாள். எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது, கூடவே உனக்காகக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, கேட்டும்விட்டேன், இத்தனை நாள் அங்கே நின்றது மூச்சுக்குத்தானா என்று. கூடையை வைத்துவிட்டு இறங்கி வந்து உன் படத்துக்கு முன்னால் நின்றாள். "மூச்சுக்குன்னா எந்தப் படியிலயும் நிக்கலாம்யா. அவ பல்லு இருக்கிற படியிலதான் நின்னேன்" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். மாடியில் அலமாரி திறக்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் அம்மா கார்னெட் பெட்டியோடு வந்து நின்றாள். பெட்டி மேலே தூசி. வால்வுக்கு எண்ணெய் இருக்கா என்று கேட்டாள், என் டூபாப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பதினெட்டாம் தேதி சந்தைத் திடலில் கிறிஸ்துமஸ் பாட்டு வாசிக்கப் போகிறோம், மூன்றாவது கார்னெட் இல்லாமல் பாண்டு மாஸ்டர் புலம்பிக்கொண்டிருந்ததை நான்தான் சாப்பாட்டில் சொல்லியிருந்தேன், வேண்டுமென்றே சொல்லவில்லை, வேண்டுமென்றுதான் சொன்னேன். நாங்கள் காதலித்த காலத்தில் ஒத்திகை முடிந்து நீண்ட சுரப் பந்தயம் வைப்போம், ஒரே சுரத்தை யார் அதிக நேரம் பிடிப்பது என்று, நான் என் கடிகாரத்தை வைத்து எண்ணுவேன், ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை. எண்ணு என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஈரக் கையோடு கடிகாரத்தைப் பிடித்தேன்.

முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு கரகரப்பு. உதடு பழக்கம் விட்டுப்போயிருந்தது. நிறுத்தி, உதட்டை நனைத்து, முதுகை நிமிர்த்தி, மறுபடி வைத்தாள். சுரம் வந்தது. மெல்லிசாக ஆரம்பித்துத் தடித்து, அடுக்கிவைத்த தட்டுகள் அதிர்ந்து, ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. பக்கத்து வீட்டு நாய் குரைத்து நிறுத்தியது. அவள் கண்ணை மூடியிருந்தாள், தோள் அசையவில்லை, வயிறு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது, முடியப் போகிறது, இதோ முடியப் போகிறது என்று நான் நினைக்க நினைக்க அது போய்க்கொண்டே இருந்தது. எனக்குள்ளும் காற்று நின்றுவிட்டது. இவ்வளவும் இவளுக்குள் இருந்திருக்கிறது, மூன்று வருடம் அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் சுரம் மெலிந்து ஓய்ந்தது. அவள் சாதாரணமாக ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, எவ்வளவு என்றாள்.

எண்ண மறந்துவிட்டேன் என்றேன்.

"மரமண்டை" என்றாள், கார்னெட்டை எடுத்து மறுபடி வாயில் வைத்தாள்.

சரி, காகிதம் முடிகிறது, அவளும் வருகிற நேரம். திடலில் குளிருக்கு அம்மாவை வாயை மஃப்ளரால் மூடிக்கொண்டு, தன் முறை வரும்போது மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறாள் ஷப்னம், தானும் பிள்ளைகளோடு வருகிறாளாம். டேனுக்கு என் அன்பு, ஆல்ஃபிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உனக்கு இருப்பது அம்மாவின் நெஞ்சு, அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன், உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றும் நாளில்தான் பழுப்பைத் தவறாமல் அடிக்க வேண்டும். இன்றைக்கே அதைத் திருப்பி அந்தச் சின்ன ஜன்னலில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது. நலமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதினால் நான் இனி நம்ப மாட்டேன், எண்ணோடு எழுது. உன் மூச்சு நீளமாக இருக்கட்டும், நீ ஏறுகிற படியெல்லாம் உனக்கு லேசாக இருக்கட்டும்.

எண்ணூறு ஊதிப் பிடிபட்ட, உன் பிரியமான அப்பா,
கிளைவ் அக்ராய்ட்